விதியும் புறனடையும்

இலக்கணம் கற்ற மாணவர் புறனடை என்னும் சொல்லை அறிந்திருப்பர். நூலாசிரியர் ஒரு விதியைக் கூறுவார். அவ்விதிக்குள் அடங்காத வழக்கொன்று சான்றோர் நாவில் நிலைபெற்றிருக்கவும் காண்பார். அவ்வழக்கைப் பிழையெனத் தள்ளவும் இயலாது. அதன்பொருட்டு விதியையே அழித்துவிடவும் ஆகாது. ஆகவே இயலின் இறுதியில் புறனடை நூற்பா ஒன்றை அமைத்து, விதியையும் காத்து, வழக்கிற்கும் இடந்தருவார். மொழிக்கு இலக்கணம் எத்தகையதோ, ஊருக்குச் சட்டமும் அத்தகையதே. ஊர்ச்சட்டத்திற்கும் புறனடை உண்டு. அதனை வழங்குவோர் யாவர், எவருக்கு வழங்குவது, எவ்வளவு வழங்குவது என்னும் வினாக்களுக்கு அமெரிக்க நாட்டின் சிறு நகரங்கள் நூறாண்டுகளாக விடை தேடி வருகின்றன. அவ்வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

நம் முன்னோர் நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை எனப் பகுத்தனர். அது மலையும் காடும் வயலும் கடலும் தாமே வகுத்துத் தந்த பகுப்பு. அமெரிக்கர் பின்னாளில் செய்துகொண்ட பகுப்போ மக்கள் தம் வசதி கருதித் தாமே வகுத்தது. இங்கே குடியிருப்பு, இங்கே கடைவீதி, இங்கே தொழிற்சாலை என்று ஊரின் வரைபடத்தில் எல்லை வரைந்து, ஒவ்வொரு வட்டாரத்திலும் எத்தகைய கட்டடம் எழலாம், எவ்வளவு உயரம் எழலாம், தெருவிலிருந்தும் அண்டை மனையிலிருந்தும் எத்தனை அடி இடம் விடவேண்டும் என்று வரையறுப்பது அது. 1916ஆம் ஆண்டில் நியூயார்க் பெருநகர் இத்தகைய முழுமையான விதித்தொகுதி ஒன்றை இயற்றியது. வானளாவிய மாளிகைகள் அண்டை வீடுகளின் வெயிலையும் காற்றையும் மறைத்தமை அதற்கு ஒரு காரணம். பிற ஊர்களும் அவ்வழியைப் பின்பற்றலாயின.

என் நிலத்தில் நான் விரும்பியதைக் கட்டுவேன். தடுக்க நீ யார் என்று நிலவுடையோர் கேட்பது இயல்பே. அவ்வினா ஒரு சிற்றூரின் வாயிலாக நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஒகையோ மாநிலத்தில், கிளீவ்லாந்து நகரத்தை அடுத்துள்ளது யூக்ளிட் என்னும் ஊர். வடிவியலில் நீங்கள் பயிலும் கிரேக்க அறிஞரின் பெயரே அது. அப்பகுதியை அளக்க வந்த நிலஅளவையாளர் தம் தொழிலுக்கு ஆசானாகிய அவர் பெயரை ஊருக்கு இட்டனர். சில ஆயிரம் மக்களே வாழ்ந்த அவ்வூரின் மன்றம், கிளீவ்லாந்தின் ஆலைகள் தன்னை நோக்கிப் பரவி வருவதைக் கண்டது. 1922ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள், நிலப் பயனை ஆறு வகையாகவும், கட்டட உயரத்தை மூன்று வகையாகவும், மனைப்பரப்பை நான்கு வகையாகவும் பகுத்து ஓர் ஒழுங்குமுறையை நிறைவேற்றியது.

அவ்வூரில் 68 ஏக்கர் நிலத்தை ஆம்ப்ளர் என்னும் நில நிறுவனம் வாங்கி வைத்திருந்தது. தொழிற்சாலைக்கெனில் ஏக்கர் 10,000 டாலர் பெறும் நிலம், வீட்டுக்கெனில் 2,500 டாலரே பெறும் என்றும், மன்றத்தின் விதி தன் செல்வத்தைப் பறித்தது என்றும் அந்நிறுவனம் வழக்குத் தொடுத்தது. கீழ் நீதிமன்றத்தில் நிறுவனமே வென்றது. உச்ச நீதிமன்றமோ, இருமுறை வாதங்கேட்டபின், 1926ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் ஊருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அறுவர் ஒருபுறமும் மூவர் மறுபுறமும் நின்றனர். தீர்ப்பை எழுதிய சதர்லாந்து என்னும் நீதிபதி, தன்னளவில் தீங்கில்லாத பொருளும் இடம் மாறி நிற்பின் தீங்காகும் என்று கூறி, தொழுவத்தில் நிற்கவேண்டிய பன்றி வீட்டுக் கூடத்தில் நிற்பதை உவமையாகக் காட்டினார். பிற்காலத்தில், இரண்டாம் உலகப் போரின்போது, வழக்குக்குரிய அந்நிலத்திலேயே தொழிற்சாலை எழுந்தது என்பது வேறு கதை. ஊர்மன்றத்திற்கு விதி வகுக்கும் உரிமை உண்டென்பது மட்டும் அன்றே உறுதியாயிற்று.

உரிமை உறுதியானவுடன் அடுத்த இடர் தோன்றிற்று. வரைபடத்தில் கோடு வரைபவர் ஒவ்வொரு மனையையும் நேரிற் சென்று காண்பதில்லை. தெருவிலிருந்து 25 அடி இடம் விடவேண்டும் என்பது விதியென்று கொள்வோம். நூறு மனைகளுக்கு அது நன்றே பொருந்தும். நூற்றோராவது மனையின் பின்புறம் ஓடையொன்று குறுக்கே ஓடுகிறது. முன்புறம் 25 அடி விட்டால், எஞ்சிய இடத்தில் ஒரு மாட்டுக்கொட்டில் எழுப்பவும் இயலாது. விதியை இயற்றியவர் அம்மனையைத் தரிசாக்க எண்ணினாரில்லை. எழுத்து அவ்வாறு ஆக்கிவிட்டது. இத்தகையவர்க்கெனவே புறனடை அமைந்தது. அதனை விதிவிலக்கு என்று வழங்குவோம்.

அமெரிக்க வணிகத்துறை 1924ஆம் ஆண்டில் மாநிலங்களுக்கென மாதிரிச் சட்டமொன்றை அச்சிட்டு வழங்கியது. அதன்படி, விலக்கு வேண்டும் விண்ணப்பங்களைக் கேட்க ஐவரடங்கிய குழு ஒன்று அமையலாம். உறுப்பினர் பதவி மூன்றாண்டு. ஐவருள் மூவர் இசைந்தால் போதாது. நால்வர் இசைதல் வேண்டும். அளிக்கப்படும் விலக்கு பொதுநலனுக்கு மாறாக இருத்தல் கூடாது. விதியை எழுத்துப்படி நிறைவேற்றினால் தேவையற்ற இன்னல் விளையும் என்பது காட்டப்படவேண்டும். விதியின் கருத்தும் காக்கப்பட வேண்டும். குழுவின் கூட்டங்கள் யாவரும் வந்து கேட்கத் திறந்திருக்கும். ஒவ்வொரு வினாவிலும் எந்த உறுப்பினர் எவ்வாறு வாக்களித்தார் என்பதும், வாக்களியாது வாளாவிருந்தவர் யார் என்பதும் ஏட்டில் எழுதப்படும். அச்சட்டத்தின் பிரிவுகளுள் இதனையே யான் மிக உயர்வாக மதிக்கின்றேன். நண்பனுக்குச் சலுகை செய்பவனும், அஞ்சி ஒளிபவனும் தன் பெயர் ஏட்டில் ஏறும் என்பதை எண்ணாதிரான்.

எல்லா ஊர்களிலும் தனிக்குழு இருப்பதில்லை. மிகச் சிறிய ஊர்கள் சிலவற்றில் ஊர்மன்றத்தாரே இதனையும் கேட்பர். மன்றத்தார் பகலெல்லாம் தத்தம் தொழில் பார்த்து மாலையில் கூடுவோர். விண்ணப்பித்தவரும், அவரை எதிர்த்துப் பேச வரும் அண்டை வீட்டாரும் அவர்களுக்கு நாள்தோறும் கடைத்தெருவில் எதிர்ப்படுவோர். பெருநகரில் இல்லை என்பது எளிது. சிற்றூரில் அது முகம் பார்த்துச் சொல்லவேண்டிய சொல். விண்ணப்பித்தவர் மனையின் வரைபடத்தை விரித்து வைப்பார். அண்டையார்க்கு முன்னரே அறிவிப்புச் சென்றிருக்கும். ஒருவர், அக்கட்டடம் எழுந்தால் என் அடுக்களைக்கு ஒளி வாராது என்பார். மற்றொருவர், சென்ற ஆண்டு எனக்கு மறுத்ததை இவருக்கு எவ்வாறு கொடுப்பீர் என்று கேட்பார். இப்பின்னைய வினாவே மன்றத்தாரை மிகவும் வருத்துவது. ஒருவர்க்குக் காரணமின்றிக் கொடுத்த விலக்கு, அடுத்து வரும் பதின்மர்க்கு வழக்காகிவிடும்.

அவ்வாறாயின், தகுந்த காரணம் எது? இதனைத் தெளிவாக்கிய வழக்கு நியூயார்க் மாநிலத்தின் லின்புரூக் என்னும் சிற்றூரில் எழுந்தது. அங்கு ஒருவர்க்கு உரிய மனையின் முன்பகுதி கடைவீதி வட்டாரத்திலும் பின்பகுதி குடியிருப்பு வட்டாரத்திலும் அமைந்திருந்தது. அதில் சக்கரக் காலணி பூண்டு சறுக்கி விளையாடும் அரங்கமொன்றை எழுப்ப விலக்கு வேண்டினார், பெற்றார். அயலார் வழக்குத் தொடுத்தனர். 1939ஆம் ஆண்டில் அம்மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்விலக்கை ஏற்கவில்லை. விதித்த பயனுக்கு மட்டும் பயன்படுத்தினால் நிலம் தக்க வருவாய் தராது என்று காட்டவேண்டும். அவ்விடர் அம்மனைக்கே சிறப்பாக உரியதாய், அக்கம்பக்கம் முழுவதற்கும் பொதுவன்றாய் இருக்கவேண்டும். புதிய பயனால் அவ்வட்டாரத்தின் இயல்பு மாறுதல் கூடாது என்று மூன்று உரைகற்களை அந்நீதிமன்றம் வகுத்தது.

இவற்றுள் இரண்டாவதை ஊன்றிக் காணுங்கள். இடர் தெருவிலுள்ளார் அனைவர்க்கும் பொதுவாயின், குற்றம் விதியிலே உள்ளது. மன்றம் வெளிப்படையாக விதியையே திருத்தவேண்டும். ஒருவர்க்கு மட்டும் மறைவாகக் கதவு திறத்தல் முறையன்று. இனி, இடர் மனையில் இல்லாது உடையவன் பணப்பையில் இருப்பின், அதாவது இன்னும் பெரிதாகக் கட்டினால் இன்னும் மிகுதியாக ஈட்டலாம் என்பதேயாயின், அது இடரே அன்று. ஓடை குறுக்கிட்ட மனைக்கும், பெருங்கடை கட்ட விரும்பும் வணிகர்க்கும் உள்ள வேறுபாடு இதுவே. கூறுவது எளிது. வணிகர், பலர்க்கு வேலை தருவேன் என்று உறுதி கூறி மன்றத்தின் முன் நிற்கும்போது இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்வது எளிதன்று.

நிலத்தைப் பற்றிய விதி மன்றத்தார் எழுதியது. ஆதலின் அவர் அதனை நெகிழ்த்தலாம். அதே மன்றத்தின் முன் வரும் மற்றொரு விண்ணப்பம் இவ்வாறு நெகிழ்த்தற்கு உரியதன்று. குடிநீர் இணைப்பு வேண்டும் என்பதே அது.

சிறு நகரொன்றின் நீரமைப்பு பெரும்பாலும் எளியது. ஓடையோ கிணறோ ஊற்றுக்கண். நீரைத் தூய்மை செய்ய ஒரு நிலையம். மேட்டில் ஒரு தொட்டி. அங்கிருந்து தெருத்தோறும் செல்லும் குழாய். தொட்டி நிறைந்திருக்கக் கண்டு நீர் மிகுதியென்று எண்ணுதல் தவறு. அதில் ஒரு பங்கு தீ நேருங்கால் அணைப்பதற்கென நிறுத்தப்பட்டது. ஊற்றின் வளத்தையும் மழைக்காலத்தில் அளத்தல் பயனற்றது. பல்லாண்டுகளுள் கொடிய கோடையில் எவ்வளவு சுரந்தது என்பதே கணக்கு. அக்கணக்குக்கு மேல் இணைப்பு வழங்கினால், கோடையில் மேட்டுத்தெருவின் கடைசி வீட்டில் குழாயைத் திறந்தவர்க்குக் காற்றே வரும். புது வீட்டிற்கு இசைவு தந்த தாளில் எத்தனை முத்திரை இருப்பினும் அக்குழாயில் நீர் வாராது.

பல ஊர்களில் வீட்டுக்கு இசைவு தருவோர் ஒருவராகவும் நீர் தருவோர் வேறொருவராகவும் இருந்தமையால் வந்த குழப்பம் சிறிதன்று. கலிபோர்னியா மாநிலம் 2001ஆம் ஆண்டில் இயற்றிய சட்டமொன்று இதனைத் திருத்த முயன்றது. ஐந்நூறு வீடுகளுக்கு மேற்பட்ட குடியிருப்பு எழவேண்டுமாயின், இயல்பான ஆண்டிலும், ஒற்றை வறட்சி ஆண்டிலும், அடுத்தடுத்து வரும் வறட்சி ஆண்டுகளிலும், இருபது ஆண்டுக்காலத்திற்கு நீர் போதும் என்று நீர் வழங்குவோர் எழுதித்தர வேண்டும் என்பது அச்சட்டம். சிற்றூரில் எழும் பத்து வீடுகளை அது பெரும்பாலும் தொடவில்லை. அவை இன்றும் அவ்வவ்வூர் மன்றத்தின் கணக்கையும் நேர்மையையுமே நம்பி எழுகின்றன.

நீரே நிலத்துக்கு விதியாகிவிட்ட ஊரொன்றும் அம்மாநிலத்தில் உண்டு. சான்பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே கடற்கரையில் உள்ள பொலினாஸ் என்பது அது. மக்கள்தொகை ஏறத்தாழ 1,500. தனக்கென நகரமன்றம் இல்லாத ஊர் ஆதலின், நிலப்பகுப்பு அதிகாரம் மாரின் மாவட்டத்தாரிடமே இருந்தது. ஊரார் தேர்ந்தெடுத்த ஐவர் குழுவின் கையில் இருந்த பெரிய உரிமை நீர் வழங்கும் உரிமையே. 1971ஆம் ஆண்டில் அக்குழு, உள்ள நீர் உள்ளவர்க்கே போதாது என்று கூறிப் புதிய இணைப்புகளை நிறுத்திவிட்டது. ஏறத்தாழ 580 இணைப்புகளோடு கணக்கு நின்றது. ஓடையை நம்பிய ஊருக்கு நீர்க்குறை மெய்யே. எனினும், ஊர் பெருகாது சிறிதாகவே இருக்கவேண்டும் என்னும் விருப்பமும் பலர் உள்ளத்தில் இருந்தது. நெடுஞ்சாலையில் ஊருக்கு வழிகாட்டி நட்ட பலகையை ஊரார் மீண்டும் மீண்டும் பெயர்த்தெடுத்தமை உலகறிந்த செய்தி.

அதனால் விளைந்தவை இரண்டு. கடலோரத்தில் வீடுகள் நெருங்காமல் ஊர் பழைய அமைதியோடு நின்றது. ஆனால் அங்கே முன்னரே மனை வாங்கி வைத்திருந்தோர் பலர் நீரின்றி வீடு கட்ட இயலாது நின்றனர். சிலர் நீதிமன்றம் ஏறினர். வீடு குறைய, விலை ஏறிற்று. விதியை இயற்றியோர் செல்வரை அழைக்க எண்ணினாரில்லை. ஆயினும் தொழிலாளரும் இளையோரும் அங்கே குடியேறுவது அரிதாயிற்று. லின்புரூக்கில் விலக்கு மறுக்கப்பட்டவர்க்கு விதித்த பயன் ஒன்றேனும் எஞ்சியது. பொலினாசில் நீர் மறுக்கப்பட்டவர்க்கு வேலியிட்ட புல்நிலமே எஞ்சியது. யார் பக்கம் முறை உள்ளது என்று வகுப்பில் நீங்கள் வாதிட்டுப் பார்க்கலாம். என் உள்ளம் மனையுடையோர்க்காக இரங்கினும், கணக்கு குழுவின் பக்கமே சாய்கின்றது.

2005ஆம் ஆண்டில் அவ்வூரின் நீர்மானி ஒன்று ஏலத்திற்கு வந்தது. நீர்மானி என்பது குழாயில் ஓடும் நீரை அளக்கும் சிறு கருவி. ஒருவர் கையால் தூக்கிச் செல்லக்கூடியது. அதனோடு ஊர்க்குழாயில் இணையும் உரிமையும் சேர்ந்திருந்தது. ஏலத்தில் அது 3,10,000 டாலருக்கு விலைபோயிற்று.