பழசானாலும் விலை இறங்காத பெட்டி

கல்லூரியில் சேரப்போகும் பையனின் அப்பா ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார்: சோனியின் ஆட்டப் பெட்டியான பிஎஸ்5-ஐ இப்போதே வாங்குவதா, இன்னும் ஒரு வருஷம் பொறுத்தால் விலை இறங்குமா, இல்லை அந்தக் காசில் ஒரு கேமிங் பிசி கட்டிவிடுவதா?

நடுவில் இருக்கும் கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. பொறுத்தால் விலை இறங்கும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. முன்பெல்லாம் அது தவறாமல் பலித்தது. ஆனால் 2020 நவம்பரில் அமெரிக்காவில் 500 டாலருக்கு வந்த பிஎஸ்5, 2025 ஆகஸ்டில் 550 டாலர் ஆகிவிட்டது. இந்தியாவில் 2021 பிப்ரவரியில் 49,990 ரூபாய். அடுத்த வருஷக் கடைசியில் 54,990. பண்டிகைத் தள்ளுபடி வரும், போகும், அது வேறு. ஐந்து வருஷப் பழைய மின்னணுச் சாமான் புதிதாக வந்த விலையைத் தாண்டி விற்கிறது. பொருளாதாரச் சூழல் சரியில்லை என்கிறது சோனி. இருக்கலாம். ஆனால் காரணத்தில் ஒரு பெரிய பங்கு சிலிக்கானுக்குள் இருக்கிறது.

வரலாறு ஒரு பத்தி போதும். பிஎஸ்2 அமெரிக்காவில் 2000-இல் 299 டாலர், 2009-இல் 99. 2006-இல் 599 டாலருக்கு வந்த பிஎஸ்3-ஐப் பிரித்துப் பார்த்த ஐசப்ளை நிறுவனம், அதைச் செய்யவே 840 டாலர் ஆகும் என்று மதிப்பிட்டது. பெட்டியில் விட்டதை ஆட்டங்களின் விற்பனையில் கிடைக்கும் பங்கில் பிடிப்பது தந்திரத்தின் பாதி. போகப் போகப் பெட்டியின் அடக்கவிலையே கரைந்துவிடும் என்ற நம்பிக்கை மறுபாதி.

அது எப்படிக் கரைந்தது என்பதுதான் அழகு. சிப்புகளை ஒவ்வொன்றாகச் செய்வதில்லை. 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிக்கான் வட்டில் மொத்தமாகப் பொறித்து அறுத்தெடுக்கிறார்கள். கோவில்பட்டியில் கடலைமிட்டாய்ப் பாளத்தைப் பரப்பி வில்லை போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். செலவு பாளத்துக்கு இவ்வளவு என்றுதான். எத்தனை வில்லை தேறுகிறதோ அதைப் பொறுத்து ஒன்றின் விலை. பாளத்தில் எங்கெங்கோ ஒரு பத்துச் சொத்தைக் கடலை விழுந்திருக்கும். வில்லையைப் பெரிது பெரிதாகப் போட்டால் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரு சொத்தை மாட்டும். சின்னதாகப் போட்டால் அதே பத்துச் சொத்தை பத்து வில்லையோடு போய்விடும். ஆக, அளவைப் பாதியாக்கினால் எண்ணிக்கை இரட்டிப்பதோடு நிற்பதில்லை, தேறும் விகிதமும் ஏறுகிறது. பிஎஸ்2-இன் இரண்டு முக்கியச் சிப்புகளும் தொடக்கத்தில் சேர்ந்து 519 சதுர மில்லிமீட்டர் இருந்தன. சில வருஷங்களில் இரண்டையும் ஒன்றாக்கி 86-க்குள் அடக்கிவிட்டார்கள். 99 டாலர் விலை அங்கேதான் பிறந்தது.

சொத்தை விழுந்த வில்லையை முழுசாக எறிய யாருக்கு மனசு வரும்? அந்த மூலையை மட்டும் கிள்ளிவிட்டு விற்கலாமே. பிஎஸ்5 சிப்பின் கிராஃபிக்ஸ் பகுதியில் 40 கணிப்பு அலகுகள் பொறித்திருக்கிறார்கள், ஓடுவது 36. போட்டிப் பெட்டியான எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸில் 56-க்கு 52. குறை விழுந்த அலகை அணைத்துவிட்டால் சிப் பிழைத்துக்கொள்ளும். வேடிக்கை என்னவென்றால், ஒரு குறையும் இல்லாமல் பிறந்த சிப்பிலும் நாலை அணைத்துவிடுகிறார்கள், எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரி ஓட வேண்டுமே! நல்ல வில்லைக்கும் மூலை கிள்ளல். உங்கள் வீட்டுப் பெட்டிக்குள் ஆரோக்கியமான நாலு அலகுகள் ஆயுள் முழுக்கத் தூங்கிக்கொண்டிருக்கலாம்.

பிசி உலகில் இந்தக் கிள்ளலே தனி வியாபாரம். என்விடியாவின் ஜிஏ102 கிராஃபிக்ஸ் சிப்பில் 84 தொகுதிகள். 82 ஓடினால் அது ஆர்டிஎக்ஸ் 3090 கார்டு, 2020-இல் வந்தபோது 1,499 டாலர். 68 ஓடினால் 3080, 699 டாலர். 3090-இல் மெமரி கூடுதல்தான். ஆனாலும் அடியில் ஒரே பாளம். காசை எண்ணிச் செலவழிப்பவருக்குக் கிள்ளின வில்லையே உத்தமம். ‘ஃப்யூச்சர் ப்ரூஃப்’ என்று சொல்லி உச்சத்துக் கார்டைத் தலையில் கட்டும் கடைக்காரரை நம்ப வேண்டாம். பிஎஸ்5 பெட்டியில்கூட ஆரம்பத்தில் 8கே என்று அச்சடித்திருந்தார்கள். அதைக் காட்ட டிவி யார் வீட்டில் இருந்தது?

சரி, கரைவது ஏன் நின்றது? வில்லை சின்னதாக வேண்டுமானால் கடலையும், அதாவது உள்ளிருக்கும் சுற்றுகளும், சின்னதாக வேண்டும். சிப்புக்குள் இருக்கும் எஸ்ரேம் என்ற நினைவக அறை, சிப் செய்துதரும் டிஎஸ்எம்சியின் 5 நானோமீட்டர் உற்பத்தி முறையிலிருந்து 3-க்குப் போனபோது ஏறக்குறைய அதே அளவில் நின்றுவிட்டது. வெளி மெமரியோடு பேசும் விளிம்புச் சுற்றுகளும் சுருங்க மறுக்கின்றன. இன்னொரு பக்கம், புதிய முறைக்கு மாறும்போதெல்லாம் வெல்லத்தின் விலை ஏறி, பாளமே முன்பைவிட அதிக விலையாகிறது. 2022-இல் பிஎஸ்5 சிப்பை 308-லிருந்து சுமார் 260 சதுர மில்லிமீட்டருக்குச் சுருக்கினார்கள். கணக்குப் போட்டால் வட்டுக்கு 190 சிப் கிடைத்த இடத்தில் 230. அவ்வளவுதான். (உவமையை இதற்கு மேல் கிண்டினால் பாகு பதம் தப்பிவிடும்.)

எனவே பொறுத்திருப்பதில் லாபமில்லை. பிசி பக்கமும் அதே கதைதான். ஏஐ தரவு மையங்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போக, 2025 கடைசியில் ரேம் விலை எகிறியது. நுகர்வோருக்கு ரேம் விற்ற தன் க்ரூஷியல் பிரிவையே மூடப்போவதாக மைக்ரான் அந்த டிசம்பரில் அறிவித்தது.

மற்றச் செலவுகள் வெறும் கூட்டல்தான். சோனியின் சொந்தப் பெரிய ஆட்டங்கள் பிஎஸ்5-இல் 4,999 ரூபாய். வருஷத்துக்கு மூன்று என்று ஐந்து வருஷம் வாங்கினால் 75,000. பெட்டியையே தாண்டிவிட்டது. காசு கொடுத்து வாங்கிய ஆட்டத்தை ஆன்லைனில் சேர்ந்து ஆட பிஎஸ் பிளஸ் சந்தா தனி. பிசியில் அந்தத் தண்டம் கிடையாது. ஸ்டீமில் ரூபாய் விலையும் தள்ளுபடியும் உண்டு, ஆடி முடித்ததை விற்கத்தான் முடியாது. கரண்ட்டும் இருக்கிறது. ஆடும்போது பிஎஸ்5 சுமார் 200 வாட் இழுக்கும். பெரிய கார்டு போட்ட பிசி அதைப்போல் இரண்டு மடங்கு. தினம் இரண்டு மணி நேரம் ஆடினால் இரண்டு மாத பில்லில் சுமார் 24 யூனிட் வித்தியாசம். தமிழ்நாட்டுக் கட்டணத்தில் 500 யூனிட் கோட்டருகே நிற்கும் வீட்டில் அது உறைக்கும், ஏனென்றால் கோட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளின் விகிதமும் மாறிவிடுகிறது.

கேட்டவருக்கு என் பதில்: படிப்புக்கு எப்படியும் கம்ப்யூட்டர் வேண்டும் என்றால், ஆட்டக் கணக்கில் முழு பிசியின் விலையை ஏற்றாதீர்கள்; கிராஃபிக்ஸ் கார்டும், அதற்காகக் கூடுதலாகப் போடும் பவர் சப்ளையும் மட்டுமே அந்தக் கணக்கில் வரும். அப்படிப் பார்த்தால் பெரும்பாலும் பிசிதான் ஜெயிக்கும். லேப்டாப் ஏற்கனவே வாங்கியாயிற்று என்றால் பிஎஸ்5. அதிலும் டிஸ்க் போடும் மாடல். கொஞ்சம் காசு மிச்சம் என்று டிஜிட்டல் மாடலுக்குப் போனால், ஆடி முடித்த டிஸ்க்கைப் பாதி விலைக்குத் தள்ளிவிடும் வழி அடைபட்டு, அந்த மிச்சம் சில ஆட்டங்களிலேயே போய்விடும்.