கொள்ளிடத்தின் மேல் ஒரு பாலம்

ஐப்பசி மழை சற்றே ஓய்ந்து வானம் வெளுக்கும் நாள்களில், நெய்வேலி நகரியக் குடும்பங்கள் மேற்கொள்ளத்தக்க பயணம் ஒன்றுண்டு. கட்டுச்சோற்றுடன் காலையில் புறப்பட்டால் விளக்கு வைக்கும் வேளைக்குள் வீடு திரும்பிவிடலாம். கும்பகோணம் சாலையில், கொள்ளிடத்தின் குறுக்கே அமைந்த அணைக்கரைப் பாலமே நாம் காண வேண்டிய இடம்.

சேத்தியாத்தோப்பிலிருந்து லால்பேட்டை, காட்டுமன்னார்கோயில் வழியாகச் சென்றால் வீராணம் ஏரியையும் கண்டு மகிழலாம். பத்தாம் நூற்றாண்டில் சோழர் அமைத்த இவ்வேரி, 2004 முதல் சென்னைக்கும் குடிநீர் வழங்கி வருகிறது. அணைக்கரையிலிருந்து வடவாறு கொண்டுவரும் நீரே இதனை நிரப்புகிறது.

அணைக்கரையில் கொள்ளிடம் இரு கிளைகளாகப் பிரிந்து, நடுவே ஒரு தீவை அணைத்துச் செல்கிறது. 1836ஆம் ஆண்டளவில் ஆர்தர் காட்டன் என்னும் ஆங்கிலப் பொறியாளர் இங்கே கீழணையை எழுப்பினார். அணையின்மீதே பாலமும் செல்கிறது. ஆழங்காண இயலாத ஆற்று மணலில் அடித்தளம் நிறுத்தும் வித்தையைக் கல்லணை கட்டிய நம் முன்னோரிடமே கற்றதாக அவர் எழுதி வைத்துள்ளார்.

மேலை நாடுகளில் மரப்பாலங்களுக்குக் கூரை வேய்ந்தார்கள். மழையும் பனியும் உத்தரங்களை உளுக்கச் செய்யாமல் காப்பதே அக்கூரையின் பணி. நம் ஆற்றுப் பாலங்களுக்கோ ஆபத்து அடியிலிருந்து வருகிறது. பெருவெள்ளம் மணலை அரித்துவிட்டால் கற்கட்டும் நிலைகுலையும். காட்டன் காலத்திலேயே எழுந்த முக்கொம்பு மேலணையில், 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் ஒன்பது மதகுகள் உடைந்து போனதை நாம் மறத்தலாகாது. கட்டியவர் பெயரால் மட்டும் எந்த அணையும் நிற்பதில்லை. ஆண்டுதோறும் காப்பவர் கையாலேயே நிற்கிறது.

பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை: இங்கே முதலைகள் உண்டு. பிள்ளைகளை நீரில் இறங்க விடாதீர்கள். பாலத்திலும் வாகனங்களைப் பார்த்து நடங்கள்.

நிலத்தடி நீரை இரவு பகலாக இறைத்தாலன்றிச் சுரங்கம் நடவாத ஊர் நம்முடையது. நீரை வெளியேற்றும் குழாய்களையே பார்த்து வளரும் நம் பிள்ளைகள், அதே நீரைத் தேக்கிக் கழனிக்கு அனுப்ப மனிதர் பட்ட பாட்டையும் ஒருநாள் நேரில் காணட்டும். குழாயைத் திறக்கும்போதெல்லாம் அக்காட்சி அவர்கள் நினைவுக்கு வருமானால், அந்த ஒருநாள் பயணம் வீணாகாது.