மைக் செட்காரர்தான் நம்ம ஊரின் முதல் டி.ஜே.!

பேச்சிப்பாறை, குலசேகரம், திற்பரப்பு என்று குமரி மாவட்டத்தின் மலையோர ஊர்களில் இன்று ஒரு கல்யாண வரவேற்போ, கோயில் கொடையோ நடந்தால், மேடை ஓரம் ஹெட்போன் மாட்டிய இளைஞர் ஒருவர் லேப்டாப்போடு நிற்பதைப் பார்க்கலாம். அவர் 'டி.ஜே.' 40, 50 வருடங்களுக்கு முன் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தவர் 'மைக் செட்காரர்'. இருவருக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? டி.ஜே. கலை வளர்ந்த கதையைப் புரட்டினால், அதன் வேர் ஒரு மைக் செட்டில்தான் போய் நிற்கிறது!

ஜமைக்காவின் மைக் செட்

1950-களில் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரம். சொந்தமாக ரெக்கார்டு பிளேயர் வாங்க ஏழைகளுக்கு வசதியில்லை. ஆம்ப்ளிஃபயர், பெரிய ஸ்பீக்கர் பெட்டிகள், இசைத்தட்டுகள் எல்லாவற்றையும் கொண்டுவந்து இறக்கி, திறந்தவெளியில் பாட்டுப் போடும் குழுக்கள் உருவாயின. 'சவுண்ட் சிஸ்டம்' என்று பெயர். இசைத்தட்டைத் தேர்ந்தெடுத்துப் போட ஒருவர், மைக்கில் பேசிக் கூட்டத்தை உற்சாகப்படுத்த ஒருவர். நம் ஊர் மைக் செட்டேதான்!

அந்த கிங்ஸ்டனில் 1955-ல் பிறந்த கிளைவ் கேம்பெல், 12 வயதில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதிக்குக் குடிபோனார். 1973 ஆகஸ்ட் 11 அன்று, பள்ளி திறக்கும் முன் புதுத்துணி வாங்கக் காசு சேர்க்க, அவருடைய சகோதரி சிண்டி ஒரு பார்ட்டி வைத்தார். இடம், அவர்கள் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் பொது அறை. நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். பாட்டுப் போட்டவர் 'கூல் ஹெர்க்' என்ற பட்டப்பெயர் கொண்ட கிளைவ்.

பாட்டு முழுக்க ஆடாதவர்கள்கூட, நடுவே டிரம்ஸ் மட்டும் தனியாக ஒலிக்கும் சில நொடிகளில் எழுந்து ஆடுவதை ஹெர்க் கவனித்திருந்தார். அந்தச் சில நொடிகளை எப்படி நீட்டுவது? ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதி, இரண்டு டர்ன்டேபிள். ஒன்றில் டிரம்ஸ் முடியும்போது மற்றொன்றில் அதே இடத்தில் ஊசியை இறக்கினார். ஹிப் ஹாப் இசை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

பெல்ட்டும் மோட்டாரும்

இதற்கு மெஷினும் ஒத்துழைக்க வேண்டுமே! பல ரெக்கார்டு பிளேயர்களில் மோட்டாரிலிருந்து ஒரு ரப்பர் பெல்ட்தான் தட்டைச் சுழற்றும். கையால் பிடித்து நிறுத்தினால் பெல்ட் வழுக்கும். விட்டதும் வேகம் பிடிக்க நேரமாகும். ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனம் 1972-ல் கொண்டுவந்த 'டெக்னிக்ஸ் எஸ்.எல்.-1200' மாடலில் பெல்ட் கிடையாது; மோட்டாரே தட்டை நேரடியாகச் சுழற்றும். வீட்டில் பாட்டுக் கேட்பவர்களுக்காகச் செய்த அந்தக் கருவி, டி.ஜே.க்களின் அடையாளமே ஆகிப்போனது.

அடுத்து வந்த கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ், எலெக்ட்ரானிக்ஸ் படித்த இளைஞர். இசைத்தட்டின் மேல் க்ரேயானால் அடையாளம் போட்டு, எத்தனை சுற்று பின்னால் திருப்பினால் டிரம்ஸ் வரும் என்று கணக்கு வைத்தார். ஒரு தட்டு ஊருக்குக் கேட்க, அடுத்த தட்டை ஹெட்போனில் தான் மட்டும் கேட்க ஒரு ஸ்விட்சும் செய்துகொண்டார்.

'கிராண்ட் விசார்ட் தியோடர்' கதை இன்னும் சுவாரஸ்யம். சிறுவனாக இருந்தபோது, சத்தத்தைக் குறைக்கச் சொல்லி அம்மா கதவைத் தட்டித் திட்டினார். பேச்சைக் கேட்க, சுழலும் இசைத்தட்டை அவர் கையால் பிடித்துக்கொண்டார். கை முன்னும் பின்னும் அசைய, ஹெட்போனில் 'ஸ்க்ரீச்... ஸ்க்ரீச்...' அதையே பயிற்சி செய்து கலையாக்கினார். 'ஸ்க்ராட்ச்' பிறந்தது!

ஒரு டர்ன்டேபிள் வித்தை

நம்ம ஊர் மைக் செட்காரருக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு டர்ன்டேபிள்தான். அதை வைத்துக்கொண்டே அவர் காட்டிய வித்தைகள் உண்டு. எல்.பி. இசைத்தட்டில் பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே மெல்லிய கோடுபோல் தெரியும் இடைவெளியைக் கண்ணால் பார்த்தே, கேட்ட பாட்டில் ஊசியை இறக்குவார். கீறல் விழுந்து ஊசி துள்ளினால், அதன் தலையில் ஒரு நாணயத்தை வைப்பார். தட்டு மாற்றும் இடைவெளியை மைக் அறிவிப்பால் நிரப்புவார்.

பிராங்க்ஸ் கூட்டம் ஆட வந்தது. நம் கூட்டம் முழுப் பாட்டையும் கேட்க வந்தது. 'திருவிளையாடல்' கதை-வசனத்தைக் குழாய் ஸ்பீக்கரில் கேட்டே மனப்பாடம் செய்தவர்கள் எத்தனை பேர்! எனவே இரண்டு பாட்டைக் கலக்க வேண்டிய தேவை அவருக்கு வரவில்லை. காலையில் பக்திப்பாட்டு, பந்தியில் மெலடி, இரவில் துள்ளல் என்று நேரம் பார்த்து வரிசைப்படுத்தியதுதான் அவருடைய திறமை. கூட்டத்தின் முகம் பார்த்து அடுத்த பாட்டை முடிவு செய்வதுதானே டி.ஜே.க்கு முதல் பாடம்?

ஹெர்க் பாட்டுப் போட்ட அந்தக் கட்டடத்தை 'ஹிப் ஹாப் பிறந்த இடம்' என்று 2007-ல் நியூயார்க் மாநில அரசு அங்கீகரித்தது. நம் மைக் செட்காரர்களின் பெயரோ பெரும்பாலும் குழாய் ஸ்பீக்கரில் பெயின்ட்டால் எழுதியதோடு சரி. அவர்களில் பலர் இப்போது தாத்தாக்கள். உங்கள் தெருவிலும் ஒருவர் இருக்கலாம். அடுத்த கொடைக்கு ஊருக்குப் போகும்போது, அவர் பக்கத்தில் உட்கார்ந்து மொபைலில் ரெக்கார்டிங்கை ஆன் செய்யுங்கள். 'முதல்ல என்ன பாட்டு போடுவீங்க தாத்தா?' என்று கேளுங்கள். மற்றதை அவரே சொல்வார்!