காவலே பகையானால்

நஞ்சைச் சிறிது சிறிதாகப் பழகினால் உடல் அதனைத் தாங்க வல்லதாகும் என்பது பண்டுதொட்டு மக்கள் கொண்ட எண்ணம். அஃது எப்பொழுதும் மெய்யாவதில்லை என்பதை ஒரு நாயின் இறப்பு உலகுக்கு உணர்த்திற்று.

1901ஆம் ஆண்டு, மொனாக்கோ இளவரசர் முதலாம் அல்பெர்ட்டின் கப்பலிற் சென்ற ஷார்ல் ரிஷே, போல் போர்ட்டியே என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் கடலுயிர்களின் நஞ்சை ஆராயத் தொடங்கினர். நாடு மீண்டபின், கடற்சாமந்தியின் நஞ்சை நாய்களுக்குச் சிறிதளவு ஏற்றினர். நெப்டியூன் என்னும் நாய் முதல் ஊசியால் யாதொரு தீங்கும் அடையவில்லை. 22 நாட்களின் பின் அதே அளவு நஞ்சு மீண்டும் ஏற்றப்பட்டது. சில விநாடிகளில் அதற்கு மூச்சுத் திணறியது. 25 நிமிடங்களில் உயிர் பிரிந்தது. காப்புக்கு மாறானது என்னும் பொருள்பட, இந்நிலைக்கு 'அனபிலாக்சிஸ்' என 1902இல் பெயரிட்டனர். இவ்வாராய்ச்சிக்காக 1913இல் ரிஷே நோபல் பரிசு பெற்றார்.

இதன் காரணம் யாது? உடலுட் புகும் அயற்பொருளை எதிர்ப்பதற்குப் பிறபொருளெதிரிகள் உண்டாகின்றன. சிலருடைய உடல் நிலக்கடலை, இறால் போன்ற உணவையும், பெனிசிலின் போன்ற மருந்தையும், குளவியின் நஞ்சையும் பெரும்பகையெனக் கொண்டு அவற்றுக்கெதிராக ஆயத்தமாகி விடுகின்றது. அப்பொருள் மறுபடி வந்ததும், இழையங்களிலுள்ள சில கலங்கள் ஹிஸ்டமின் முதலியவற்றை ஒருங்கே வெளியிடுகின்றன. குருதிக்குழாய்கள் விரிந்து கசிய, குருதியழுத்தம் வீழ்கின்றது. தொண்டை வீங்க, மூச்சுக்குழல்கள் சுருங்குகின்றன.

தேயிலைத் தோட்டத்திலே ஒரு குளவி கொட்டிய தொழிலாளிக்குக் கொட்டிய இடம் மாத்திரம் வீங்கினால் பெரும்பாலும் அஞ்ச வேண்டியதில்லை. உடலெங்கும் தடிப்பு எழுந்து, குரல் கம்மி, மூச்சு இரைத்து, தலை சுற்றுமாயின் அது உயிருக்கே ஆபத்து. சிலருக்குத் தடிப்புத் தோன்றாமலே மூச்சு அடைபடுவதும் உண்டு.

இதற்கு முதன்மையான மருந்து அட்ரினலின். தொடையின் வெளிப்புறத் தசையில் அதனை உடனே ஏற்றல் வேண்டும். ஒவ்வாமைக்கு உண்ணும் மாத்திரைகள் அரிப்பைத் தணிக்குமேயன்றி உயிரைக் காவா. வைத்தியசாலையை அடையும்வரை நோயாளியைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்துக. மூச்சுத் திணறினால் உட்காரவிடுக. எழுந்து நடக்க விடலாகாது. தேறியவரும் சில மணிநேரம் வைத்தியர் கண்காணிப்பில் இருத்தல் வேண்டும். தணிந்தது மீண்டும் எழக்கூடும்.

"முன்பு கொட்டியபோது ஒன்றும் ஆகவில்லையே" என்று காலந் தாழ்த்துவோர் உளர். நெப்டியூனுக்கும் முதன்முறை ஒன்றும் ஆகவில்லை.