தேரிக்குள் ஒரு யாத்திரை

தூத்துக்குடி மில்லர்புரத்திலிருந்து திருச்செந்தூர்ச் சாலையில் புறப்பட்டால், முத்தையாபுரம் தாண்டி வெகுதூரம் உப்பளங்களின் வெண்மை கண்ணைக் கூச வைக்கிறது. முக்காணியில் தாமிரபரணியைக் கடந்து, ஆறுமுகநேரி வழியாகக் காயாமொழிப் பக்கம் திரும்பியதுமோ, இதுவும் அதே ஜில்லாதானா என்று சந்தேகம் கொள்ளும்படி, குங்குமத்தைக் கொட்டி வைத்தாற்போன்ற செம்மணல் மேடுகள் எதிர்ப்படுகின்றன. இதுவே குதிரைமொழித் தேரி.

அமெரிக்காவில் அரிஸோனா மாகாணத்து வர்ணப் பாலைவனத்தின் பாறைகளைக் காணத் தேசாந்தரங்களிலிருந்து ஜனங்கள் போகிறார்கள். அந்தப் பாறைகளுக்குச் சிவப்பேற்றுகிற ஹேமடைட் என்னும் இரும்புத் தாதுவே இங்கே மணலின் ஒவ்வொரு பரலின்மேலும் மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கிறது. ஒரு பிடி அள்ளி உற்றுப் பார்த்தால், சிவப்பின் ஊடே கரிய துணுக்குகள் மினுங்கும், அவை இல்மனைட். அதிலுள்ள டைட்டேனியத்தை நாடி 2007-இல் டாட்டா ஸ்டீல் நிறுவனம் அரசாங்கத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தம், சாத்தான்குளம் வட்டாரத்தில் எழுந்த எதிர்ப்பினால் நின்றுபோயிற்று. நின்றது நல்லதே.

மேற்கு மலைக்கு அப்பால் மழையையெல்லாம் பொழிந்துவிட்டு, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வறண்டு சீறி வரும் ஆடிக் காற்றுத்தான் இம்மேடுகளின் சிற்பி. ஆதிமனிதன் இங்கே வாசம் செய்ததற்கு, அவன் செதுக்கிய நுண்கற்கருவிகள் சாட்சி. அவற்றைப் பற்றித் தொல்லியல் ஆராய்ச்சியாளர்களான ஸாய்னரும் ஆல்சினும் 1956-இல் விரிவாக எழுதினார்கள்.

ஆயினும், இதைப் பாலைவனம் என்று சொல்வதை என் மனம் ஒப்பவில்லை. பெய்கிற மழை ஓடி வீணாகாமல் அப்படியே மணலுக்குள் இறங்கிவிடுவதனால், மேலே பொசுக்கும் இப்பூமியின் அடியில் ஜலம் தங்குகிறது. பனையும் முந்திரியும் உடைமரமும் அதைக் கொண்டே ஜீவிக்கின்றன. உடன்குடிக் கருப்பட்டியின் கீர்த்திக்கும் இந்தப் பிரதேசத்துப் பனைகளே காரணம். மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார் சந்நிதியருகே, சுற்றிலும் செம்மணல் காய்ந்து கிடக்க, சுனை நீரும் மரநிழலுமாக இருப்பதைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தேரிக்குடியிருப்புக் கற்குவேல் அய்யனார் கோயிலிலோ மணலே பிரசாதம். கள்ளர்வெட்டுத் திருவிழாவில் கள்ளனாகப் பாவித்து இளநீரை வெட்ட, அந்த நீர் சிந்திய மண்ணை அள்ளிக்கொள்ள ஜனங்கள் முண்டியடிக்கிறார்கள். மற்ற நாட்களில் போகிறவர்கள் உச்சிவேளையை விலக்குவது உத்தமம். செருப்பில்லாத காலுக்கு இந்த மணல் தாட்சண்யம் காட்டாது.