எத்தனை மணிக்கு வருவாய் என்று கேட்கக் கூடாது

மலபாரில் பொன்னானி தாலுகா ஆனக்கரை கிராமத்து வடக்கத்து வீட்டுக்கு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பெண் கேட்டு வந்தார் சுப்பராம சுவாமிநாதன். பாலக்காட்டு ஏழைப் பிராமணக் குடும்பம். வெளிநாடு வரை போய்ப் படித்த வக்கீல். சிறு வயதில் தன் படிப்புக்கு உதவிய கோவிந்த மேனனின் மகளைக் கட்டிக்கொள்ள ஆசை. மேனன் எப்போதோ காலமாகியிருந்தார். மூத்த பெண்களுக்கெல்லாம் திருமணம் முடிந்துவிட்டது. மிச்சம் இருந்தவள் கடைக்குட்டி அம்மு. வயது பதினான்கு இருக்கும், பள்ளிக்கூடம் போனதில்லை. மாப்பிள்ளை இருபது வயது மூத்தவர்.

அந்தப் பெண் போட்ட நிபந்தனைகளைக் குடும்பத்தில் இன்றும் சொல்வார்கள். சென்னையில்தான் குடித்தனம். ஆங்கிலம் சொல்லித்தர ஆள் வைக்க வேண்டும். எத்தனை மணிக்கு வீடு திரும்புவாய் என்று யாரும் கேட்கக் கூடாது. அண்ணன்மார்களை யாரும் அப்படிக் கேட்பதில்லையே!

சுவாமிநாதன் ஒப்புக்கொண்டார், சொன்னபடியும் நடந்தார். பிராமணர் ஒருவர் நாயர் பெண்ணைச் ‘சம்பந்தம்’ என்ற முறைசாரா உறவில் வைத்துக்கொள்வது அன்று வழக்கம். மனைவியாகவே ஏற்றதுதான் அவருடைய சாதிக்காரர்களுக்குப் பொறுக்கவில்லை.

1917 மே மாதம் அடையாறில் இந்திய மாதர் சங்கம் பிறந்தபோது தொடங்கியவர்களில் அம்மு சுவாமிநாதனும் இருந்தார். அன்னி பெசன்ட் தலைவர். பெண்களுக்கும் ஓட்டு வேண்டும் என்ற கோரிக்கையின் பின்னால் நின்றவர், அயர்லாந்தில் அதே போராட்டத்துக்காகச் சிறை சென்ற மார்கரெட் கசின்ஸ். அந்த டிசம்பர் 18-ல் சரோஜினி நாயுடு தலைமையில் ஒரு பெண்கள் குழு இந்தியா மந்திரி மாண்டேகுவைச் சென்னையில் சந்தித்தது. ஆனால் 1919 ஆட்சிச் சீர்திருத்தச் சட்டம் பந்தை மாகாணங்களின் பக்கம் தள்ளிவிட்டது. 1921-ல் சென்னை சட்டசபை முதலில் தீர்மானம் போட்டது. ஓட்டு வந்தது, சொத்தோ வரியோ காட்டக்கூடிய பெண்ணுக்கு மட்டும்.

இங்கே பெங்களூரில் நிலைமை இன்னும் வேடிக்கை. 1923-ல் மைசூர் சமஸ்தானம் பிரதிநிதி சபைத் தேர்தலில் பெண்களுக்கு இருந்த தடையை நீக்கியது. மகாராஜாவின் கீழிருந்த பேட்டையில் தகுதியுள்ள பெண் ஓட்டுப் போடலாம். தமிழர்கள் நிறைந்த அல்சூரோ 1947 வரை ஆங்கிலேய ரெசிடெண்டின் கீழிருந்த கண்டோன்மென்ட்; மகாராஜாவின் சபைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரே ஊர், இரண்டு ராஜாங்கம்.

ஓட்டுப் போடுவது ஒன்று, ஓட்டுக் கேட்டு நிற்பது வேறொன்று. 1926-ல் மங்களூர்க்காரரான கமலாதேவி சட்டோபாத்யாய சென்னை சட்டசபைக்கு நின்று சொற்ப வித்தியாசத்தில் தோற்றார். அம்மு அரசியல் நிர்ணய சபையில் இருந்த பதினைந்து பெண்களில் ஒருவரானார். 1952-ல் திண்டுக்கல்லில் நின்று வென்று மக்களவைக்கும் போனார். அதே தேர்தலில் ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பெயர் வாக்காளர் பட்டியலிலிருந்து அடிபட்டது. கணக்கெடுக்க வந்தவரிடம் தன் பெயரைச் சொல்லாமல் ‘இன்னாருடைய சம்சாரம்’, ‘இன்னாரின் தாயார்’ என்று பதிந்துகொண்டவர்கள் அவர்கள். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அப்படிப்பட்ட பதிவுகளை ஏற்க மறுத்தார். கண்டிப்பு சரிதான் என்றே எனக்குப் படுகிறது. ஆனால் ஆங்கிலம் கற்பிக்க ஆள் வைத்துக் கொடுக்கும் கணவன் எத்தனை பேருக்கு வாய்த்தான்?

அம்முவின் மூத்த மகள் லட்சுமி டாக்டரானார். சிங்கப்பூரில் நேதாஜியின் ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை ஏற்றார். இளையவர் மிருணாளினி பெங்களூருக்கு வந்து ராம் கோபாலுடன் நடனமாடினார். அப்போது இங்கே டாட்டா இன்ஸ்டிடியூட்டில் சி.வி.ராமனிடம் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த விக்ரம் சாராபாயை 1942-ல் மணந்தார். பின்னாளில் அந்த விக்ரம் வளர்த்துவிட்டவர்களில் ஒருவர் அப்துல் கலாம். 2002 குடியரசுத் தலைவர் தேர்தலில் கலாமை எதிர்த்து இடதுசாரிகள் நிறுத்தியது, 87 வயது லட்சுமி சேகலை! கலாமுக்கு 9,22,884 மதிப்பு ஓட்டு, லட்சுமிக்கு 1,07,366. முடிவு தெரிந்தே நின்றார். லட்சுமியின் மகள் சுபாஷிணி அலி 1989-ல் கான்பூரில் வென்றார். மிருணாளினியின் மகள் மல்லிகா 2009-ல் காந்திநகரில் அத்வானியை எதிர்த்துச் சுயேச்சையாக நின்று தோற்றார்.

வசதியும் படிப்பும் பெயரும் உள்ள வீட்டிலேயே மூன்று தலைமுறைக்கு வெற்றி இவ்வளவுதான். கர்நாடகத்தில் 2023-ல் 224 சட்டமன்ற இடங்களில் பெண்கள் வென்றது பத்து. இதே மாநிலம்தான் ராமகிருஷ்ண ஹெக்டே ஆட்சியில், அரசியல் சட்டத் திருத்தம் வருவதற்கு முன்பே, பஞ்சாயத்துகளில் பெண்களுக்கு 25 சதவீதம் ஒதுக்கியது. 2015 பெங்களூர் மாநகராட்சித் தேர்தலில் 198 வார்டுகளில் பாதி பெண்களுக்கு. ஒதுக்கினால் வருகிறார்கள்; ஒதுக்காவிட்டால் கட்சிகள் டிக்கெட் தருவதில்லை. 1930-களில் மாதர் சங்கங்களே தனி ஒதுக்கீடு வேண்டாம், சமமாக நின்றால் போதும் என்றன. அந்த நம்பிக்கைக்குக் கட்சிக்காரர்கள் தந்த பதில் அந்தப் பத்து.

2023 செப்டம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பெண்களுக்கான மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கீடு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே நடைமுறைக்கு வரும் என்று எழுதிவைத்தார்கள். பெங்களூரிலோ, பாதி இடங்களில் பெண்கள் உட்கார்ந்திருந்த அந்த மாமன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அடுத்த தேர்தலை நடத்தாமல் ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தார்கள்.