புட்டிக்குள் ஒரு புழு நூலகம்

ஒன்பது கஜப் புடவையை விரித்துப் போட்டால் அதன் நீளம் ஏறத்தாழ எட்டேகால் மீட்டர் இருக்கும். அதைவிட அரை மீட்டர் நீளமான ஒரு புழு மனிதனின் குடலுக்குள் வாழ்ந்தது என்றால் நம்புவீர்களா?

நம்பித்தான் ஆகவேண்டும். ஜப்பானின் தலைநகரான டோக்கியோவில், மெகுரோ என்னும் பகுதியில் ஓர் ஒட்டுண்ணி அருங்காட்சியகம் இருக்கிறது. 8.8 மீட்டர் நீளமுள்ள அந்த நாடாப்புழு அங்கே மடக்கி மடக்கிக் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. பக்கத்திலேயே அதே நீளத்தில் ஒரு துணிநாடாவும் தொங்குகிறது. வருவோர் அதை விரித்துப் பிடித்துப் புழுவின் நீளத்தை உணரலாம்.

இந்த நிலையத்தை 1953ஆம் ஆண்டில் சொந்தப் பணத்தைக் கொண்டு தொடங்கியவர் கமெகாய் சத்தோரு என்னும் மருத்துவர். போருக்குப் பிந்திய ஜப்பானில் சுகாதார வசதிகள் குறைவு. அவரிடம் வந்த நோயாளிகள் பலரை ஒட்டுண்ணிகள் வாட்டின. இன்று இங்கே சுமார் 60,000 மாதிரிகள் உள்ளன. அவற்றுள் காட்சிக்கு வைத்திருப்பவை ஏறத்தாழ 300 மட்டுமே. மற்றவை எல்லாம் ஆராய்ச்சிக்காகப் பாதுகாக்கப்படுகின்றன.

நோய் தரும் புழுவை ஒழிப்பதை விட்டுவிட்டு, அதைப் புட்டியில் போட்டு எதற்காகக் காக்க வேண்டும்? இதுதானே உங்கள் கேள்வி?

ஒரு புழுவுக்கு மூன்று வீடுகள்

அந்த நாடாப்புழுவின் வாழ்க்கையை முதலில் பார்ப்போம். அதற்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. நம் குடலில் செரித்துக் கிடக்கும் உணவைத் தன் தோலாலேயே உறிஞ்சிக்கொள்கிறது. அதன் முட்டைகள் நம் மலத்தோடு வெளியேறி நீரை அடைகின்றன. அங்கே முட்டையிலிருந்து வரும் இளம் உயிரை, இறாலுக்குத் தூரத்து உறவான ஒரு நுண்ணிய ஓட்டுடலி விழுங்குகிறது. அந்த ஓட்டுடலி மீனின் வயிற்றுக்குள் போகிறது. அந்த மீனை மனிதன் பச்சையாகத் தின்றால், புழு மனிதக் குடலில் குடியேறிவிடுகிறது. மீன் நன்றாக வெந்துவிட்டால் புழு பிழைக்காது.

ஓட்டுடலி, மீன், மனிதன் அல்லது மீன் தின்னும் வேறொரு விலங்கு என இந்தப் புழுவுக்கு மூன்று வீடுகள் வேண்டும். ஒட்டுண்ணிக்கு இடம் கொடுக்கும் இத்தகைய உயிரை 'ஓம்புயிர்' என்கிறோம். மூன்று ஓம்புயிர்களில் ஒன்று கிடைக்காமற் போனாலும் புழுவின் வம்சம் அற்றுப்போகும். இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சீட்டு இல்லாத புட்டி

புழுவைப் பிடித்துப் புட்டியில் போட்டுவிட்டால் அது விஞ்ஞான மாதிரி ஆகிவிடாது. தட்டைப்புழுவானால் அதைத் தட்டையாக்கி, அழுகாதபடி பதப்படுத்தி, கார்மைன் என்னும் சிவப்புச் சாயம் ஏற்றுவார்கள். பிறகு நீரை நீக்கி, கனடா பால்சம் என்ற மரப்பிசினில் பதித்துக் கண்ணாடித் தகட்டின்மேல் ஒட்டுவார்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் அதன் உள்ளுறுப்புகள் தெளிவாகத் தெரியும். உருளைப்புழுக்களைப் பெரும்பாலும் ஆல்கஹாலில் இட்டு வைப்பார்கள். ஃபார்மலினும் புழுவின் உருவத்தைக் காக்கும். ஆனால் பின்னாளில் அதன் மரபுப்பொருளான டி.என்.ஏ.வை ஆராய்வதைக் கடினமாக்கிவிடும்.

இவ்வளவையும் செய்த பிறகு மிக முக்கியமான வேலை ஒன்று மிஞ்சுகிறது. அதுதான் சீட்டு எழுதுவது! எந்த உயிரில், எந்த உறுப்பில், எந்த ஊரில், எந்த நாளில், யாரால் எடுக்கப்பட்டது என்பதையெல்லாம் அதில் குறிக்க வேண்டும். சீட்டைப் புட்டிக்கு உள்ளேயே போடுவதும் உண்டு. அப்போது ஆல்கஹாலில் கரையாத பென்சிலால் எழுதுவார்கள். சீட்டு இல்லாவிட்டால் அது வெறும் செத்த புழு. சீட்டு இருந்தால் அது ஒரு சாட்சி.

பழைய மீன்கள் சொன்ன செய்தி

அந்தச் சாட்சி என்ன சொல்லும்? அமெரிக்காவின் வடமேற்குக் கரையில் பியூஜெட் சவுண்ட் என்னும் கடற்கழி உள்ளது. அங்கே பிடித்த மீன்களைப் பல தலைமுறைகளாக வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சேகரிப்பில் புட்டிகளில் இட்டு வைத்திருக்கிறார்கள். புழுக்களுக்காக யாரும் அவற்றைச் சேர்க்கவில்லை. ஆயினும் மீனோடு அதன் வயிற்றிலிருந்த ஒட்டுண்ணிகளும் பத்திரமாக இருந்தன.

செல்சி உட் என்னும் விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் 1880 முதல் 2019 வரை பிடிக்கப்பட்ட 699 மீன்களை அறுத்துப் பார்த்தார்கள். 17,000க்கும் அதிகமான ஒட்டுண்ணிகள் கிடைத்தன. 2023இல் அவர்கள் வெளியிட்ட முடிவு வியப்பூட்டுவது. மூன்று அல்லது அதற்கும் மேற்பட்ட ஓம்புயிர்கள் தேவைப்படும் ஒட்டுண்ணிகள், ஒவ்வொரு பத்தாண்டிலும் சராசரியாக 11 சதவீதம் குறைந்து வந்திருக்கின்றன. அதாவது 100 இருந்த இடத்தில் பத்து ஆண்டு கழித்து 89. கடல்நீர் சூடாகி வருவதோடு இந்தச் சரிவு ஒத்துப்போகிறது. வீடுகள் கூடக்கூட வம்சம் அறுபடும் இடங்களும் கூடுகின்றன அல்லவா? நாடாப்புழுவின் மூன்று வீடுகள் நினைவுக்கு வருகிறதா?

1892இல் தொடங்கப்பட்ட அமெரிக்க தேசிய ஒட்டுண்ணிச் சேகரிப்பு இப்போது ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் இருக்கிறது. அங்குள்ள சீட்டுகளும் 2017இல் வெளியான ஓர் ஆய்வுக்கு உதவின. 457 வகை ஒட்டுண்ணிகளைக் கணக்கிட்ட அந்த ஆய்வு, வாழிட இழப்போடு ஓம்புயிர்களின் இழப்பையும் சேர்த்துப் பார்த்தால், 2070க்குள் ஒட்டுண்ணிப் புழு வகைகளில் 30 சதவீதம் வரை அழிவின் பாதையில் விழக்கூடும் என்று மதிப்பிட்டது.

போனால் போகட்டுமா?

"தொலைந்தால் நல்லதுதானே!" என்று உங்களுக்குத் தோன்றலாம். மனிதனை வாட்டும் புழுக்களை ஒழிக்கத்தான் வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால் ஒட்டுண்ணிப் புழுக்களில் பெரும்பாலானவை மனிதனைத் தீண்டுவதே இல்லை.

ஜப்பானிய ஓடைகளில் நடப்பதைக் கேளுங்கள். அங்கே மயிரிழை போன்ற ஒரு புழு, வெட்டுக்கிளி இனத்துப் பூச்சிகளின் உடலில் வளர்கிறது. முட்டையிட அதற்கு நீர் வேண்டும். ஆகவே அது பூச்சியின் போக்கையே மாற்றி ஓடையில் குதிக்கச் செய்கிறது! குதித்த பூச்சி மீனுக்கு இரையாகிறது. ஓர் ஓடையில் ட்ரவுட் மீன்கள் ஓராண்டில் பெறும் ஆற்றலில் 60 சதவீதம் இப்படி வந்து விழும் பூச்சிகளிலிருந்தே கிடைப்பதாக 2011இல் கண்டறிந்தார்கள். அந்த மயிர்ப்புழு மறைந்தால் மீனுக்கு இப்படிக் கிடைக்கும் இரை குறைந்துவிடும்.

எந்தப் புழு எங்கே வாழ்ந்தது, எப்போது குறைந்தது என்று கேட்டால் இன்றைய கடலோ காடோ விடை சொல்லாது. என்றோ ஒருவர் பொறுமையாக எழுதிப் போட்ட சீட்டுதான் சொல்லும்.

உங்கள் பள்ளி ஆய்வகத்திலும் ஒரு நாடாப்புழுவோ உருளைப்புழுவோ புட்டியில் இருக்கக்கூடும். அடுத்த முறை அதைப் பார்க்கும்போது முகத்தைச் சுளிக்காமல் முதலில் அதன் சீட்டைப் படியுங்கள். எழுத்து மங்கியிருந்தால் ஆசிரியரிடம் கேட்டுப் புதிய சீட்டு ஒன்று எழுதி வையுங்கள். பழையதை மட்டும் எறிந்துவிடாதீர்கள்!